கத்திப் பிடியில் ஒரு வெளிச்சப் பட்டை

நான் சந்தேகக்காரிதான். அத மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. வடலூர்ல பிளைவுட், வெனீர் கடை நடத்துறவ சந்தேகப்படாம இருந்தா, கடையோட சேத்து அவளையும் வித்துட்டுப் போயிடுவானுங்க.

வெனீர்னா பெரிய விஷயமில்ல. நல்ல மரத்த அப்பளம் கணக்கா மெல்லிசா சீவி எடுத்த தாள். அத சாதாரணப் பலகை மேல ஒட்டிட்டா, அலமாரி முழுக்க அந்த மரத்துலயே செஞ்சதுனு வந்தவங்க நெனைச்சுக்குவாங்க. தொழிலே மேல ஒண்ணு, உள்ள ஒண்ணு. இதுல போலி வேற. பேப்பர்ல பிரிண்ட் போட்டு எடுத்துட்டு வந்து தேக்குனு சத்தியம் பண்றவன் இருக்கான். வெள்ளை மரத்துக்குச் சாயம் ஏத்தி ரோஸ்வுட்டுங்கிறவன் இருக்கான். நான் தாளக் கையில வாங்கினதும் கண்ணாடி லென்ஸ வெச்சு மரத்தோட துளையப் பாப்பேன். பின்பக்கம் பிளேடால ஒரு சுரண்டு. அப்பறம் தின்னர்ல பஞ்ச நனைச்சு ஒரு தேய்ப்பு. பஞ்சு செவந்தா சாயம்.

"அக்கா, என்னை நம்பலியா?"னு மூஞ்சத் தொங்கப்போட்டுக்குவான் சேல்ஸ்மேன்.

"உன்னை நம்புறேன்ப்பா. பஞ்சையும் ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்"பேன்.

இப்படி ஊரையே தேய்ச்சுப் பாக்குற என் வீட்டுக்குள்ளயே ஒரு நாள் காலையில எங்கப்பா ஒரு குண்டத் தூக்கிப் போட்டார்.

"ஆத்தா, இது என் கத்தி இல்ல. யாரோ மாத்திட்டாங்க."

அப்பா என்னை ஆத்தானுதான் கூப்பிடுவார். சிவகங்கைப் பக்கத்துலேர்ந்து இங்க நிலக்கரி மைன்ஸ் வேலைக்கு வந்தவர், ஊர்ப்பேச்ச அங்க இங்க மிச்சம் வெச்சிருக்கார். ரிட்டயர்டாகி, அம்மாவும் போனதுக்கப்பறம், டவுன்ஷிப்ல எங்க குவார்ட்டர்ஸுக்கே வந்துட்டார். எங்க வீட்டுக்காரரும் மைன்ஸ்ல பெர்மனெண்ட்தான். அவரும் இந்த வருஷம் ரிட்டயர்டு. ரிட்டயர்டானா குவார்ட்டர்ஸக் காலி பண்ணணும், அதுல மூக்கால அழுது பிரயோஜனமில்ல. வடக்குத்துல கட்டி வெச்சிருந்த சொந்த வீட்டுக்கு வந்து சேந்தோம். சாமான் இன்னும் பாதி மூட்டையிலதான் கெடந்துச்சு. அப்பதான் இந்தப் பேச்சு.

கத்தினா அருவாமனை இல்ல, சவரக்கத்தி. மடக்குற கத்தி. எங்கப்பாவுக்கு பிளேடு, ரேசர் எதுவும் ஆகாது. சின்ன வயசுல வாங்கின இரும்பு, அதோட பிடி எப்பவோ ஒடஞ்சு போயி, அவரே கையால வேற பிடி செஞ்சார். மைன்ஸுக்கு வெளிநாட்டுலேர்ந்து ஏதோ மீட்டர் வந்த சின்னப் பெட்டி ஒண்ணு, மூடி ஒடஞ்சதால யாருக்கும் வேண்டாம்னு ஷெட்ல கெடந்துச்சாம். கேட்டு வாங்கிட்டு வந்தார். மூடியில வெள்ளை மரத்து வெனீர், குறுக்கால அலை அலையா ரேகை ஓடுறது. ரெண்டு தாள், புத்தகத்த விரிச்ச மாதிரி நடுவுல சேத்து ஒட்டியிருந்துச்சு. அப்பா அத இட்லிப் பானை ஆவியில காட்டிக் காட்டி, பசை எளகினதும் உரிச்சு எடுத்தார். இட்லிப் பானையில வஜ்ஜிரப் பசை நாத்தம் அடிக்குதுனு அம்மா ஆடின ஆட்டம் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. உரிச்சதுல இந்தப் பக்கத் தாள்லேர்ந்து ஒரு துண்டு, அந்தப் பக்கத் தாள்லேர்ந்து ஒரு துண்டு. மெல்லிசான பேக்லைட் தகடு மேல ஒட்டி, ராவி, பாலீஷ் ஏத்தி, பித்தளை ஆணி அடிச்சு கத்திய நடுவுல மாட்டினார். அன்னைலேர்ந்து அந்தக் கத்தியத் தவிர வேற எதுவும் அவர் மொகத்துல பட்டதில்ல.

குவார்ட்டர்ஸ்ல பின்பக்க ஜன்னல் ஓரமா நாற்காலி போட்டுக்குவார். இடது கன்னத்துல வெளிச்சம் விழும், அதனால மொதல்ல இடது கன்னம். கத்தியத் தெறக்கறதுக்கு முன்னாடி ஒரு பழக்கம். மடக்கின கத்திய ரெண்டு கையாலயும் நெஞ்சுக்கு நேரா குறுக்கால புடிச்சு, பிடிய ஒரு பார்வை பாப்பார். சாமி கும்பிடறதெல்லாம் இல்ல. சும்மா பாப்பார், அவ்வளவுதான்.

புது வீட்ல அவர் ரூம்ல கண்ணாடி மாட்டி, எதுத்தாப்புல நாற்காலி போட்டுக் குடுத்தோம். சோப்பு நுரைச்சாச்சு. கத்தியக் குறுக்கால புடிச்சுப் பாத்தவர், மொகத்தத் தொடச்சுக்கிட்டு எந்திரிச்சுட்டார்.

"பித்தளை ஆணிக்குப் பக்கத்துல வெளிச்சமா ஒரு பட்டை இருக்கும்ல? இதுல அந்த எடம் இருட்டா இருக்கு. அதுக்கடுத்த எடம் மினுங்குது. என் கத்தியில அது மினுங்காது."

"அப்பா, உங்க கத்திதான்ப்பா. நீங்க அடிச்ச ஆணிதானே?"

"ஆணி என்னுதாத்தான் இருக்கு. மரம் என்னுது இல்ல."

அதோட சவரம் நின்னு போச்சு. கத்தியத் தகர டப்பாவுல போட்டு மூடி வெச்சுட்டார். வேற ரேசர் வாங்கிட்டு வந்தேன், கையால கூடத் தொடல. தாடி வளர வளர எனக்குக் கவலையும் வளந்துச்சு. ஏன்னா, தம்பினு ஒருத்தன் இருக்கானே.

தம்பி சென்னையில கம்ப்யூட்டர் கம்பெனி. வீடியோ கால்ல அப்பா தாடியப் பாத்தான், விஷயத்தக் கேட்டான், பட்டுனு தீர்ப்பே எழுதிட்டான்.

"அக்கா, மறதி நோய்க்கு இதுதான் ஆரம்பம். பொருள மாத்திட்டாங்க, திருடிட்டாங்கனு சொல்றதுலதான் தொடங்கும். என் ஃப்ரெண்டோட தாத்தாவுக்கும் இப்படித்தான். நீ கடைக்குப் போயிடற, மாமா வெளிய போயிடறார். அப்பா தனியா இருக்கறப்ப கேஸத் தெறந்து விட்டுட்டார்னா?"

அவன் ஏற்கெனவே ஒரு எடம் பாத்து வெச்சிருந்தான். சென்னைக்கு வெளிய, வயசானவங்களுக்கான ஹோம். தோட்டம் இருக்காம், நர்ஸ் இருக்காங்களாம், நீச்சல் குளம்கூட இருக்காம். எண்பதத் தொடப்போற மனுஷன் நீச்சல் குளத்துல என்ன பண்ணுவார், சொல்லுங்க. ஞாயித்துக்கெழமை கார எடுத்துக்கிட்டு வர்றேன், அப்பாவக் கூட்டிட்டுப் போறேன்னு முடிச்சுட்டான். எங்க வீட்டுக்காரரும், "அவன் சொல்றதுலயும் நாயம் இருக்கு"னு மெதுவா முணுமுணுத்தார். நான் பாத்த பார்வையில மறுபடி அந்தப் பேச்ச எடுக்கல.

ஆனா மனசுக்குள்ள எனக்கும் பயம்தான். பொய் சொல்லி என்ன ஆகப்போகுது?

வியாழக்கெழமை சாயங்காலம், கடையிலேர்ந்து வந்து காபி குடுக்கறப்ப அப்பா கேட்டார்: "இன்னைக்கு என்ன கெழமை ஆத்தா?"

"வியாழன்ப்பா"ன்னேன்.

"ம். எனக்கும் அதான் தெரியும். நான் நெனைக்கிறதும் நீ சொல்றதும் ஒண்ணா இருக்கானு பாத்துக்கறேன்."

மைன்ஸ்ல ஷிஃப்டு பாத்து, அத்தனை பேர மேய்ச்ச மனுஷன். தன்னைத்தானே வேவு பாத்துக்கிட்டு உக்காந்திருக்கார். நான் அடுப்படிக்குள்ள போயி, கொழாயத் தெறந்து விட்டுட்டு அழுதேன். அழுது முடிச்சதும் வந்தது பாருங்க ஒரு கோவம். எங்கப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும், எவனோ கைவரிசையக் காட்டியிருக்கான், கண்டுபிடிக்காம விடப்போறதில்லனு டப்பாவத் தெறந்தேன்.

ட்யூப் லைட்டுக்குக் கீழ வெச்சு லென்ஸப் போட்டேன். பஞ்ச வெச்சுத் தேய்ச்சேன், சாயம் வரல. ஓரத்துல பாத்தேன், பிரிண்டு இல்ல, அசல் மரம். துளை கண்ணுக்கே தெரியாத அளவு பொடிசு, குட்டிக் குட்டியா பழுப்புப் புள்ளி. மேப்பிள், வெளிநாட்டு மர ஜாதி. எங்கப்பா உரிச்சதும் அதே ஜாதிதான். சரி, இந்தப் பக்கம் முடிஞ்சுதுனு கத்தியப் பொரட்டினேன். அங்கதான் மாட்டுச்சு. மொதப் பக்கத்துல ஆணிக்குப் பக்கத்துல வெளுப்பு. பொரட்டின பக்கத்துல, அதே எடம் இருட்டு. மறுபடி பொரட்டினேன். வெளுப்பு. இருட்டு. ஒரே கத்திக்கு ரெண்டு பக்கமும் ஒரே மரமா இருந்தா இப்படி ஏன் இருக்கணும்? ஒரு பக்கத்த மட்டும் எவனோ உரிச்சுட்டு, அதே மாதிரி வேற தாள ஒட்டியிருக்கான். ஐயோ அப்பா, நீங்க சொன்னது நெஜந்தானானு எனக்குள்ள ஒரு ஆங்காரமும் சந்தோஷமும் சேந்து வந்துச்சு.

கத்தி வீட்ட விட்டு வெளிய போனது ஒரே ஒரு தடவைதான். காலி பண்ற நேரத்துல, சாணை பிடிக்கச் சொல்லி டவுன்ஷிப் சலூன்கார அண்ணன்கிட்ட குடுத்திருந்தோம். மறுநா காலையில ஸ்கூட்டிய எடுத்துக்கிட்டு நேரா சலூன். கடையில அப்ப ஆள் இல்ல.

"அண்ணே, உண்மையச் சொல்லுங்க. சாணை புடிக்கறப்ப பிடி ஒடஞ்சிருச்சா? வேற போட்டீங்களா? போட்டிருந்தாலும் பரவால்ல, சொல்லிடுங்க."

அவர் கையில இருந்த துண்ட நாற்காலி மேல போட்டார்.

"ஏம்மா, இன்னா பேச்சு பேசுற? பெரியவரு கத்திய கல்லுல இழுத்து, வார்ல தீட்டி, துணியில சுத்தி அப்புடியே குடுத்தேன். பிடிய மாத்தி எனக்கு இன்னாம்மா வரப்போவுது?"

"அப்ப ரெண்டு பக்கமும் ஏன் வேற வேறயா இருக்கு?"

"அத செஞ்சவரப் போயி கேளு. என்னக் கேட்டா?" துண்ட மறுபடி எடுத்து ஒதறினார். அப்பறம் கொரலத் தணிச்சுச் சொன்னார்: "உங்கப்பாருக்கு நாந்தானே முடி வெட்டிகினு வரேன். ஒரு காதுகிட்ட ஒரு முடி நீட்டுக்கினு இருந்தாக்கூட கண்டுபுடிச்சிடுவாரு. அவரு மாறிப்போச்சுன்னா ஏதோ மாறித்தான் இருக்கும். ஆனா நான் மாத்தல. போய் உங்க வூட்டாண்ட தேடு."

கோவத்துலதான் சொன்னார். ஆனா அந்தக் கடைசி வார்த்தை எனக்குள்ள போயி உக்காந்துக்கிச்சு. எங்க வீட்டாண்ட யாரு?

வீட்டுக்குத் திரும்பற வழியெல்லாம் கணக்குப் போட்டேன். பொங்கலுக்கு வந்தப்ப தம்பி அந்தக் கத்திய விதவிதமா போட்டோ எடுத்தான். "அக்கா, இந்த மாதிரி கையால செஞ்ச பிடிக்கு வெளிநாட்டுல அலையிறாங்க, தெரியுமா?"ன்னான். வீடு மாத்தறப்பயும் வந்து நின்னான். அப்பாவோட சவர சாமானக் கட்டினது யாரு? அவன்தான். அப்ப, அசல எடுத்துட்டு, அதே மாதிரி ஒண்ணு செஞ்சு வெச்சுட்டு, அப்பாவுக்கு மறதினு அவனே கதை கட்டுறானா? ச்சீ, கூடப்பொறந்தவன அப்படி நெனைக்கலாமானு ஒரு மனசு. ஏன் நெனைக்கக் கூடாது, பஞ்ச வெச்சுத் தேய்ச்சுப் பாரேன்னு இன்னொரு மனசு. எனக்கு எப்பவும் ரெண்டாவது மனசுதான் ஜெயிக்கும். வீடு வந்ததும் போன் போட்டுக் கேட்டே விட்டேன்.

நான் கொட்டி முடிக்கிற வரைக்கும் கேட்டுக்கிட்டான். அப்பறம் ரொம்ப நெதானமா சொன்னான்: "அக்கா, உனக்கும் ஆரம்பிச்சிருச்சா?"

போனத் தூக்கி சோபா மேல எறிஞ்சேன். தரையில எறியத்தான் கை போச்சு, நல்லவேளை.

சனிக்கெழமை. விடிஞ்சா ஞாயிறு, தம்பி வந்துருவான். எனக்குக் கடையில கை ஓடல. அந்த நேரம் பாத்து ஒரு ஆளு சண்டைக்கு வந்து நின்னார். சேத்தியாத்தோப்புல புது வீடு கட்டினவர், எங்ககிட்ட அலை விழுந்த வெனீர் வாங்கி அலமாரிக்கு ரெண்டு கதவு போட்டவர். போன்ல படத்த எடுத்து மூஞ்சிக்கு நேரா நீட்டினார்.

"என்னம்மா ஏமாத்திட்டீங்க? ஒரு கதவு தங்கமா மின்னுது, இன்னொண்ணு கறுத்துப் போய்க் கெடக்குது. ரெண்டும் ஒரே மரம்னு சொல்லித்தான குடுத்தீங்க? அது மட்டுமில்ல, கடையில பாத்தப்ப மின்னுன எடம் வீட்டுல மின்னல. வேற மாலக் குடுத்துட்டீங்க."

இந்தச் சண்டை எனக்குப் பழசு. இதுக்குனு ஒரு பாட்டே வெச்சிருக்கேன், தூக்கத்துல கேட்டாக்கூட ஒப்பிப்பேன். அன்னைக்கு இருந்த எரிச்சல்ல கத்தியே சொன்னேன்:

"சார், மாலும் மாறல மண்ணும் மாறல. அலை ரேகைனா மரத்தோட நார் மேல கீழ மேடும் பள்ளமுமா ஓடுதுனு அர்த்தம். வெளிச்சம் எந்தப் பக்கத்துலேர்ந்து வருதோ, அந்தப் பக்கம் பாத்த சரிவு மின்னும், மத்தது இருட்டும். ரெண்டு கதவையும் புத்தகம் மாதிரி விரிச்சு ஒட்டினதால ஒண்ணோட முன்பக்கம், இன்னொண்ணோட பின்பக்கம். ஒண்ணு மின்னினா இன்னொண்ணு மங்கும். எங்க கடையில வெளிச்சம் இடது பக்கம், உங்க வீட்ல ஜன்னல் வலது பக்கமா இருக்கும். நீங்க எதிர்ப்பக்கம் போய் நின்னு பாருங்க, இருட்டுன எடம் அப்படியே..."

வாய் அப்படியே நின்னு போச்சு.

"என்னம்மா, அப்படியே என்ன?"

"சார், நீங்க போயி எதிர்ப்பக்கம் நின்னு பாருங்க. மின்னலனா திங்கக்கெழமை வாங்க, என் தலையத் தர்றேன்"னு சொல்லிட்டு, கடைப் பையன்கள்கிட்ட சாவியப் போட்டுட்டு, ஸ்கூட்டிய முறுக்கினேன். குவார்ட்டர்ஸ்ல அப்பாவுக்கு ஜன்னல் இடது பக்கம். புது வீட்ல, கண்ணாடி மாட்ட எங்க வீட்டுக்காரர் ஆணி அடிச்ச சுவத்துக்கு எதுத்தாப்புல உக்காந்தா, ஜன்னல் வலது பக்கம். கத்தியோட ரெண்டு பக்கமும் அந்தப் பெட்டியில புத்தகமா விரிச்சு ஒட்டின ரெண்டு தாளோட துண்டு, அதான் ஒண்ணு மின்னினா இன்னொண்ணு இருட்டு. ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் இந்தப் பாட்டப் பாடிட்டு, எங்கப்பாவுக்குப் பாட மறந்திருக்கேனே, என்னை எதால அடிக்கறது?

வழியில நிறுத்தி சலூன்கார அண்ணனுக்குப் போன் பண்ணேன். "அண்ணே, நீங்க மாத்தல."

"அது எனக்குத் தெரியாதாம்மா? போன வை, கஸ்டமரு இருக்காங்க."

வீட்ல அப்பா கட்டில்ல சாஞ்சிருந்தார். அவரக் கையப் புடிச்சு ஹாலுக்குக் கூட்டிட்டு வந்தேன். ஹால் ஜன்னல் பக்கத்துல, வெளிச்சம் இடது பக்கம் வர்ற மாதிரி உக்கார வெச்சு, டப்பாவுலேர்ந்து கத்திய எடுத்துக் குடுத்தேன். அவர் வேண்டா வெறுப்பா வாங்கி, பழக்கத்துல ரெண்டு கையாலயும் குறுக்கால புடிச்சார்.

பித்தளை ஆணிக்குப் பக்கத்துல அந்தப் பட்டை பளீர்னு இருந்துச்சு.

"எங்க இருந்துச்சு? யாரு கொண்டாந்து குடுத்தா?"

"யாரும் குடுக்கலப்பா. அப்படியே எந்திரிச்சு, திரும்பி உக்காருங்க."

திரும்பி உக்காந்தார். பட்டை இருட்டாச்சு, அடுத்த எடம் மினுங்குச்சு. மறுபடி எந்திரிச்சார், திரும்பினார். வெளிச்சம். திரும்பினார். இருட்டு. கொழந்தை மாதிரி அவர் எந்திரிச்சு எந்திரிச்சு உக்காந்ததப் பாத்து எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வந்துருச்சு. கடைசியா ஜன்னல இடது பக்கம் வெச்சு உக்காந்தவர், கட்டை வெரலால அந்தப் பட்டையத் தடவிப் பாத்தார்.

"அப்ப என் கண்ணு சரியாத்தான் இருந்திருக்கு."

"சரியாத்தான்ப்பா இருந்துச்சு."

"மண்டையும்?"

"மண்டையும்தான்ப்பா."

வேட்டி நுனியால கண்ணத் தொடச்சுக்கிட்டார். நான் அப்பவே போன எடுத்தேன், தம்பிய வாங்கு வாங்குனு வாங்கறதுக்கு. அப்பா என் கையப் புடிச்சு நிறுத்தினார்.

"சொல்லாத. நீ சொன்னா, அப்பனுக்காக அக்கா சப்பைக்கட்டு கட்டுறானு நெனைப்பான். அவன் வரட்டும். நாம வாயத் தெறக்க வேண்டாம், அவனே சொல்லட்டும்." சொல்லிட்டு என்னப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சார் பாருங்க, பழைய ஷிஃப்டு இன்சார்ஜ் திரும்ப டூட்டிக்கு வந்துட்டார்னு எனக்கு உசுரே வந்துச்சு.

ஞாயித்துக்கெழமை காலையில தம்பி வந்தான். கையில புதுப் பெட்டி, சக்கரம் வெச்சது, அப்பா துணிமணிய வெக்கறதுக்கு. அத வாசக்கதவோரமா நிறுத்தினான். என்கிட்ட மொகம் குடுத்துப் பேசல, நானும் பேசல. அப்பாதான் ஆரம்பிச்சார்.

"ஏப்பா, கெளம்பறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணு. எனக்குத்தான் கண்ணும் புத்தியும் சரியில்லங்கிறீங்க. நீ இதப் பாத்துச் சொல்லு."

ஹால் ஜன்னலோரத்துல உக்கார வெச்சார். கத்திய எப்படிக் குறுக்கால புடிக்கணும்னு காட்டிக் குடுத்தார். தம்பி என்னப் பாத்து, பாவம் அப்பானு கண்ணால ஒரு சாடை காட்டிட்டு, பொறுமையா புடிச்சான்.

"ஆணிக்குப் பக்கத்துல என்ன தெரியுது?"

"வெளிச்சமா ஒரு பட்டைப்பா. நல்லா மின்னுது."

"நல்லா மனசுல வெச்சுக்க."

அப்பா கத்திய வாங்கி, துணியில சுத்தி, டப்பாவுல போட்டார். டப்பாவோட தன் ரூமுக்குப் போனார். "இங்க வா"னு கூப்பிட்டு, கண்ணாடிக்கு எதுத்தாப்புல நாற்காலியில உக்காரச் சொல்லி, துணியப் பிரிச்சுக் கையில குடுத்தார். நான் கதவு நிலையில சாஞ்சுக்கிட்டு வாயக் கைய வெச்சுப் பொத்திக்கிட்டேன்.

"இப்ப சொல்லு. அதே கத்தியா இது?"

தம்பி பாத்தான். மொகத்துகிட்ட கொண்டுபோயி பாத்தான். நெத்தி சுருங்குச்சு.

"இது வேறப்பா. அதுல ஆணிக்குப் பக்கத்துல வெளிச்சமா இருந்துச்சு, இதுல கறுப்பா இருக்கே?"

"நெதானமா பாத்துச் சொல்லு. அவசரமில்ல."

"பாத்துட்டேன்ப்பா. இது வேற கத்தி, சந்தேகமே இல்ல." என்னத் திரும்பிப் பாத்தான். "அக்கா, அப்ப ரெண்டு கத்தி இருக்கா? நெஜமாவே எவனோ மாத்தியிருக்கான்கா!"

எனக்கு அதுக்கு மேல அடக்க முடியல. "எந்த ஹோம்ல சேக்கலாம்ப்பா உன்னை? நீச்சல் குளம் வெச்சதா, வெக்காததா?"

அவனுக்குப் புரியல. அப்பா நாற்காலிய அவனோட சேத்து அப்படியே திருப்ப முயற்சி பண்ணார், அவர் வயசுக்கு அது நகரல. நான் போயி ஒரு கை குடுத்தேன். நாற்காலி திரும்பினதும், தம்பி கையில இருந்த கத்தியில பட்டை இருட்டுலேர்ந்து மெல்ல மேல வந்து பளீர்னு நின்னுச்சு. அவன் அதையே பாத்தான். தலையத் திருப்பி ஜன்னலப் பாத்தான். மறுபடி கத்தியப் பாத்தான்.

"இந்த வீட்ல ஒரே ஒரு கத்திதான்ப்பா இருக்கு"ன்னார் அப்பா. "குவார்ட்டர்ஸ்ல ஒரு பக்கமாவே உக்காந்து பாத்துப் பழகிட்டேன். இங்க ஜன்னல் அந்தப் பக்கம். நான் சொன்னத எவனும் பாக்கல, என்னைத்தான் பாத்தீங்க."

தம்பி கெட்டவன் இல்ல. பயந்தவன். கத்திய மடியில வெச்சுக்கிட்டு, தலையக் குனிஞ்சான். "நான் பயந்துட்டேன்ப்பா"ன்னு மட்டும் சொன்னான். அப்பா அவன் தோள்ல கைய வெச்சு, "நானும்தான் பயந்தேன்"னார்.

அப்பறம் நாற்காலிய ஹால் ஜன்னலுக்கே கொண்டு வந்தோம். தம்பிதான் வெந்நி வெச்சான், அவன்தான் கண்ணாடியப் புடிச்சுக்கிட்டு நின்னான். அப்பா நுரைய அப்பிக்கிட்டு, கத்தியப் பாத்தார், தெறந்தார், இடது கன்னத்துல ஆரம்பிச்சார். தாடி போகப் போக எங்கப்பா மூஞ்சி வெளிய வந்துச்சு.

மத்தியானம் கோழிக் கொழம்பு. தம்பி தலையத் தூக்காம சாப்பிட்டான். ஹோம்ங்கிற வார்த்தைய யாரும் எடுக்கல. நாலு வாய்க்கு ஒரு தடவ என் மூஞ்சியப் பாத்தான். கத்திய அவன்தான் எடுத்தானானு போன்ல நான் கேட்ட கேள்வியும் அங்க எலைக்குப் பக்கத்துலயே உக்காந்துதான் இருந்துச்சு. கொழம்பு ஊத்தறப்ப ஒரு தொடை சேத்து வெச்சேன். அவன் மறுக்காம எடுத்துக்கிட்டான்.

வெயில் சாஞ்சதும் கெளம்பினான். "வர்றேன்ப்பா, வர்றேன்க்கா"னு சொல்லிட்டு, செருப்பப் போட்டுக்கிட்டு, வேகவேகமா கேட் வரைக்கும் போயிட்டான். அப்பா வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தவர், வழவழனு இருந்த கன்னத்தத் தடவிக்கிட்டே கொரல் குடுத்தார்.

"ஏப்பா, பெட்டிய மறந்துட்டுப் போறியே! உனக்கு என்ன, மறதி வந்துருச்சா?"

தம்பி திரும்பி வந்து, காலிப் பெட்டிய உருட்டிக்கிட்டுப் போனான்.